உணவறையில் எழுந்த அச்சுக்கூடம்

தொடங்கிக் கெட்ட காரியங்களைக் காட்டிலும் தொடங்காமலே கெட்ட காரியங்களே உலகில் மிகுதி. பணம் சேரட்டும், பயிற்சி கைவரட்டும், தேகம் தேறட்டும், காலம் சீர்ப்படட்டும் என்று ஒவ்வொன்றிற்கும் ஒரு தவணை வைத்து, தவணைகளிலேயே ஆயுளைச் செலவிடுவோர் நம்முள்ளும் பலர் உளர். பாட்டனார் எழுதிவைத்த குறிப்புக்களை அச்சிட்டு உறவினர்க்கு வழங்கவேண்டும் என்றும், குடும்ப வழிமுறையைத் தொகுத்து நூலாக்கவேண்டும் என்றும் கருதி, அக்கருத்தைப் பழைய பெட்டியிலேயே பூட்டி வைத்திருக்கும் இல்லங்கள் எத்தனையோ! அன்னோர் பொருட்டு, இங்கிலாந்தில் ஒரு தம்பதிகள் இரண்டு வருஷத்துக்கு மேலாகத் தள்ளிப்போட்ட ஓர் அச்சு முயற்சியைத் தம் வீட்டு உணவறையிலேயே தொடங்கி முடித்த வரலாற்றை இங்கே எடுத்துரைக்கக் கருதினோம்.

அத்தம்பதிகள் லெனார்டு உல்ஃப் என்பவரும் அவர் மனைவியார் வர்ஜீனியா உல்ஃப் அம்மையாரும் ஆவர். லெனார்டு தமிழர்க்கு முற்றிலும் அந்நியர் அல்லர். 1880-ம் வருஷம் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்து, கேம்பிரிட்ஜில் கல்வி முடித்து, இலங்கைச் சிவில் சர்வீஸில் சேர்ந்து, 1904-ம் வருஷக் கடைசியில் அத்தீவை அடைந்தார். 1905-ம் வருஷத் தொடக்கம் முதல் யாழ்ப்பாணக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தார். தமிழ் பயின்று, அதற்குரிய பரீட்சையிலும் தேறினார். 1906-ல் மன்னார்க் கடற்கரையில் நடந்த முத்துக்குளிப்பை மேற்பார்க்கவும் அனுப்பப்பட்டார். அவர் இருந்த யாழ்ப்பாணமோ அச்சுத்தொழிலில் முன்னரே பெயர்பெற்றது. அமெரிக்க மிஷனார் 1841-ல் உதயதாரகைப் பத்திரிகையைத் தொடங்கியதும், ஆறுமுக நாவலரவர்கள் வண்ணார்பண்ணையில் தமது அச்சியந்திரத்தை நிறுவியதும் அவர் வருகைக்கு அரை நூற்றாண்டிற்கு முற்பட்ட செய்திகள். பின்னர்க் கண்டியிலும், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க ஏஜண்டாகவும் இருந்த அவர், விடுமுறையில் ஊர் திரும்பி, 1912-ல் அப்பெரிய உத்தியோகத்தையே துறந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 10-ந் தேதி வர்ஜீனியா அம்மையாரை மணந்தார்.

அம்மையார் 1882-ம் வருஷம் ஜனவரி மாதம் 25-ந் தேதி பிறந்தவர். அவர் தந்தையார் லெஸ்லி ஸ்டீபன், ஆங்கில நாட்டுப் பெரியோர் சரித்திர அகராதிக்கு முதற் பதிப்பாசிரியராக விளங்கிய அறிஞர். இளமையிலேயே தாயையும் பின்னர்த் தந்தையையும் இழந்த அம்மையார், கூர்த்த மதியும் அரிய எழுத்தாற்றலும் வாய்க்கப்பெற்றும், சித்தம் கலங்கும் கொடிய நோய்க்கு அடிக்கடி ஆளாயினார். 1913-ம் வருஷத்தில் அந்நோய் அவர் உயிருக்கே அபாயம் விளைக்கும் எல்லை வரை சென்றது. நாவல் ஒன்றை எழுதி முடித்து, அதனைப் பிறர் மதிப்பீட்டுக்கு விடுங்காலத்திலேயே அவருக்கு மனவேதனை மிகுவது வழக்கம். அவருடைய முதல் நாவலை வெளியிட்டவர் அவர் தாயாரின் முதல் விவாகத்திற் பிறந்த தமையனாராகிய ஜெரால்டு டக்வொர்த் என்பவர். தமையனாரிடமேனும், தம் எழுத்தை ஒப்படைத்து அவர் தீர்ப்பை எதிர்நோக்கியிருத்தல் அம்மையாருக்குப் பெருந் துன்பமாகவே இருந்தது.

இந்நிலையில், 1915-ம் வருஷம் அம்மையாரின் 33-வது பிறந்தநாளன்று தம்பதிகள் லண்டனில் ஒரு தேநீர்ச் சாலையில் அமர்ந்து மூன்று தீர்மானங்கள் செய்தனர். ரிச்மண்டில் உள்ள ஹோகார்த் இல்லம் என்னும் பழைய வீட்டைக் குடிக்கூலிக்கு எடுப்பது ஒன்று. அச்சியந்திரம் ஒன்று வாங்குவது மற்றொன்று. புல்டாக் ஜாதி நாயொன்று வளர்ப்பது மூன்றாவது. வீடு மார்ச்சு மாதத்திலேயே கிடைத்தது. நாயின் கதை நமக்கு வேண்டுவதில்லை. அச்சியந்திரமோ இரண்டு வருஷத்துக்குமேல் கனவாகவே நின்றது.

தடைகள் யாவை? முதலாவது நோய். தீர்மானம் செய்த சில வாரங்களுக்குள்ளேயே அம்மையார் மீண்டும் சித்தம் கலங்கிப் படுத்தார். அவருடைய முதல் நாவல் மார்ச்சு மாதத்தில் வெளிவந்தபோது அதனைக் கண்டு மகிழும் நிலையில் அவர் இல்லை. அவ்வாண்டின் பெரும்பகுதி செவிலியர் காவலிலேயே கழிந்தது. இரண்டாவது யுத்தம். 1916-ல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. லெனார்டுக்குப் பரம்பரையாக வந்த கைந்நடுக்கம் இருந்தமையால் அவர் விலக்கப்பட்டார். மூன்றாவது பணம். யந்திரத்துக்கும் எழுத்துக்கும் வேண்டிய இருபது பவுன் அக்குடும்பத்துக்கு எளிதிற் கிட்டுந் தொகையன்று. நான்காவது பயிற்சியின்மை. தொழிலை முறையாகக் கற்க விரும்பி, லண்டனில் செயின்ட் பிரைடு அச்சுப் பள்ளியில் அவர்கள் விசாரித்தனர். தொழிற்சங்கத்தைச் சேர்ந்த பயிலாளர்க்கே அங்கு இடமுண்டு என்றும், நடுவயதுக் கனவான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் கற்பிப்பதில்லை என்றும் விடை கிடைத்தது. தொழிலாளர் தம் பிழைப்பைக் காத்துக்கொள்ள வகுத்த விதி அது. அதனைக் குறைகூறுதல் தகாது. எனினும் தம்பதிகளின் முயற்சி அவ்வளவில் முடிந்ததென்றே தோன்றியிருக்கும்.

1917-ம் வருஷம் மார்ச்சு மாதம் 23-ந் தேதி இருவரும் லண்டனில் ஃபாரிங்டன் வீதி வழியே நடந்து சென்றபொழுது, எக்ஸெல்சியர் அச்சுச் சாமான் கடையின் கண்ணாடிக்குப் பின்னே கையச்சு யந்திரங்களும் ஈய எழுத்துக்களும் வைக்கப்பட்டிருத்தலைக் கண்டு நின்றனர். பலகாரக் கடை வாயிலில் நிற்கும் பசித்த சிறுவரைப் போன்று நெடுநேரம் நோக்கியிருந்து, பின்னர் உள்ளே புகுந்து, தம் ஆசையையும் பள்ளியில் இடம் கிடையாமையையும் கடைக்காரரிடம் உரைத்தனர். பள்ளிக்கூடம் எதற்கு, பதினாறு பக்கமுள்ள சிறு புத்தகம் ஒன்று தருகின்றேன், அதனைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்று அவர் தைரியம் கூறினார். யந்திரம், எழுத்து, இரும்புச் சட்டம், எழுத்துப் பெட்டி முதலிய யாவும் சேர்ந்து 19 பவுன் 5 ஷில்லிங் 5 பென்ஸ் ஆயிற்று. அக்காலத்தில் ஒரு பவுன் ஏறக்குறைய 15 ரூபாய். ஆதலின் நம் நாணயத்தில் சுமார் 290 ரூபாய். இரண்டு வருஷமாக மலைபோல் நின்ற தடை, ஒரு கடைக்காரரின் நல்வார்த்தையால் ஒரு பிற்பகலில் நீங்கிற்று.

ஏப்ரல் மாதம் 24-ந் தேதி சாமான்கள் வீடு வந்து சேர்ந்தன. பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் யந்திரத்தில் ஒரு பகுதி உடைந்திருந்தது! இதனையே ஒரு சகுனமாகக் கொண்டு மீண்டும் தள்ளிப்போடுவார் நம்முள் இல்லையோ? அவர்கள் அவ்வாறு செய்தாரல்லர். உடைந்த பகுதிக்கு வேறு பகுதி வருமளவும் சும்மா இராது, ஈய எழுத்துக்களைத் தரம் பிரித்து அறையறையாக இடத் தொடங்கினர். அவ்வாறு பிரித்து வைக்கும்போது, ஆங்கிலத்தில் உருவம் ஒத்த இரண்டு எழுத்துக்களை அம்மையார் ஒன்றோடொன்று கலந்துவிட்டார். அதனை மறுநாளே வேடிக்கையாகத் தமக்கையாருக்குக் கடிதத்தில் எழுதினார். யந்திரம் நின்ற இடம் வீட்டின் உணவறை.

இந்நாளில் நூல்கள் பெரும்பாலும் கணிப்பொறியிற் கோக்கப்பட்டு வேறு முறையில் அச்சாகின்றன. ஆதலின் ஈய எழுத்து வேலையின் இயல்பை இளைஞர் பொருட்டுச் சிறிது கூறுவோம். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே ஈயத்தில் வார்க்கப்பட்ட சிறு கட்டை. அதன் தலையில் எழுத்து இடவலம் மாறிப் புடைத்து நிற்கும். மூலத்தைப் பார்த்துக்கொண்டே, அறைகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கைக்கட்டையில் தலைகீழாக அடுக்கல் வேண்டும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெற்று ஈயத்துண்டை இட்டு, வரி முழுவதையும் ஒரே அளவாக நிறைத்தல் வேண்டும். இவ்வாறு பக்கம் நிரம்பியபின் அதனை இரும்புச் சட்டத்தினுள் வைத்து, ஆப்பு இறுக்கி, மசி தடவி, காகிதத்தை வைத்து அழுத்துவர். மசி மிகுந்தால் எழுத்து அப்பிவிடும், குறைந்தால் வெளுக்கும், அழுத்தம் ஒருபுறம் சாய்ந்தால் பாதிப் பக்கம் படியாது. வேண்டிய பிரதிகள் முடிந்ததும் எழுத்துக்களைக் கழுவி, மீண்டும் அவ்வவற்றின் அறைகளிற் பிரித்துப் போடுதல் வேண்டும். இப்பிரித்தல் வேலையே யாவற்றினும் சலிப்புத் தருவது. எனினும் அதனைச் செய்யாதவருக்கு அடுத்த பக்கத்துக்கு எழுத்து இல்லை.

இவ்வேலையைத் தம்பதிகள் தம்முள் பங்கிட்டுக்கொண்ட விதம் கருதத்தக்கது. போருக்குச் செல்லாமல் லெனார்டைக் காத்த கைந்நடுக்கமே, எழுத்துக் கோக்கவொட்டாமலும் அவரைத் தடுத்தது. ஆதலின் கோத்தலும் பிரித்தலும் அம்மையார் பங்காயின. யந்திரத்தை இயக்குதல் லெனார்டின் பங்காயிற்று. காலையில் இருவரும் தத்தம் எழுத்துவேலை, பிற்பகலில் அச்சுவேலை. கைக்குத் தொழில் கொடுத்தால் எழுத்தைப்பற்றிய ஓயாக் கவலையினின்றும் மனைவியாரின் மனம் நாடோறும் சில மணி நேரமேனும் இளைப்பாறும் என்பது லெனார்டின் நம்பிக்கை. எழுத்துப் பெட்டியின்முன் நிற்பவர், அடுத்த எழுத்து எங்கேயிருக்கின்றது என்பதையன்றி வேறொன்றை நினைக்க இயலாதன்றோ?

ஏறக்குறைய ஒரு மாதப் பயிற்சிக்குப்பின், தாம் நூல் வெளியிடப்போவதாக ஓர் அறிவிப்புத் தாளைத் தாமே அச்சிட்டு நண்பர்க்கும் அறிமுகமானவர்க்கும் அனுப்பினர். 1917-ம் வருஷம் ஜூலை மாதத்தில் "இரண்டு கதைகள்" என்னும் பொருள்பட்ட முதல் வெளியீடு வந்தது. கணவர் எழுதிய கதை ஒன்று, மனைவியார் எழுதிய கதை ஒன்று, டோரா காரிங்டன் என்னும் சித்திரக்காரப் பெண்மணி செதுக்கிய மரச்செதுக்குப் படங்கள் நான்கு. முப்பதுக்கு மேற்பட்ட பக்கங்கள்; பிரதிகள் 150; விலை 1 ஷில்லிங் 6 பென்ஸ். அவ்யந்திரம் ஒரு தடவைக்கு ஓரிரு பக்கமே அச்சிட வல்லதாகையால், லெனார்டு அதன் கைப்பிடியை ஆயிரக்கணக்கான முறை இழுத்திருத்தல் வேண்டும். தைத்து மேலுறை ஒட்டியதும் அவர்களே.

வரவு செலவையும் லெனார்டு செவ்வையாக எழுதிவைத்தார். யந்திர விலையைச் சேராமல், அந்நூலுக்கான செலவு 3 பவுன் 7 ஷில்லிங். அதில் படங்களுக்கு 15 ஷில்லிங். உள்தாளுக்கு 12 ஷில்லிங் 6 பென்ஸ். மேலுறைத் தாளுக்கு 10 ஷில்லிங். விற்ற பிரதிகள் 134. வரவு 10 பவுன் 8 ஷில்லிங். நிகர லாபம் 7 பவுன் 1 ஷில்லிங். ஆசிரியர் இருவரும் தமக்கென ஒரு காசும் எடுத்துக்கொள்ளவில்லை. எனினும் யந்திரத்துக்கிட்ட முதலில் மூன்றிலொரு பங்கிற்குமேல் முதல் நூலிலேயே மீண்டமை நோக்கத்தக்கது. கடன் வாங்காமலும், வேலைக்காரரை அமர்த்தாமலும், தம் கையளவுக்கு அடங்கிய வேலையாக அதனை வைத்துக்கொண்டமையே இதற்குக் காரணம்.

அவர்கள் தொழில் பிழையற்றதன்று. அடுத்து எடுத்தது காதரீன் மான்ஸ்ஃபீல்டு என்னும் எழுத்தாளரின் நீண்ட கதை. 68 பக்கமும் 300 பிரதியும் கொண்ட அந்நூலை எழுத்தெழுத்தாகக் கோத்து முடித்து, 1918-ம் வருஷம் ஜூலை மாதத்தில் வெளியிட்டனர். தம் சிறு யந்திரம் அதற்குப் போதாமையால், ரிச்மண்டிலேயே சில்லறை அச்சுவேலை செய்த ஒருவரின் யந்திரத்தை உபயோகித்துக்கொண்டனர். அந்நூலின் சில பக்கங்களில் தலைப்பு வரியே தவறாக அச்சாயிற்று. அதே வருஷத்தில் ஜேம்ஸ் ஜாய்ஸ் என்பாரின் "யுலிஸஸ்" என்னும் பெருநூலின் ஒரு பகுதி அவர்களிடம் கொணரப்பட்டபோது, அதனைக் கையாற் கோத்து முடித்தல் தம்மால் ஆகாதென்று மறுத்தனர். வழக்கு வருமென்று அஞ்சி, அதனை அச்சிட வேறு அச்சகத்தாரும் துணியவில்லை. இயன்றதைச் செய்தலும், இயலாததை இயலாதென்று சொல்லுதலும் சிறுதொழில் நடத்துவோர்க்கு ஒருங்கே வேண்டும்.

1919-ம் வருஷம் மே மாதத்தில் "கியூ தோட்டம்" என்னும் அம்மையாரின் சிறுகதையை, தமக்கையார் வனெஸா பெல் வரைந்த படங்களுடன் 150 பிரதிகள் வெளியிட்டனர். முதலில் வாங்குவார் அரியர். சில நாள் கிராமத்தில் தங்கிவிட்டுத் திரும்பியபோது வீட்டுக் கூடத்து மேசைமேல் கடிதங்கள் குவிந்து கிடந்தன. லண்டன் டைம்ஸ் இலக்கிய இதழில் அந்நூலைப் பாராட்டி மதிப்புரை வந்திருந்ததே காரணம். உடனே வேறோர் அச்சகத்தைக்கொண்டு 500 பிரதிகள் இரண்டாம் பதிப்பு அச்சிட வேண்டியதாயிற்று. 1921-ல் 70 பவுன் 10 ஷில்லிங் கொடுத்து, காலால் மிதித்து ஓட்டும் மினர்வா யந்திரமொன்றை வாங்கினர். 1923-ல் டி. எஸ். எலியட்டின் "பாழ்நிலம்" என்னும் பெயர்பெற்ற கவிதை நூலை அம்மையாரே கையாற் கோத்தார். அது சுமார் 460 பிரதிகள். அந்த மினர்வா யந்திரம் பின்னர் 1930-ல் அவர்தம் தோழியார் விட்டா சாக்வில்-வெஸ்டுக்கு அளிக்கப்பட்டு, கெண்டு ஜில்லாவில் சிஸிங்ஹர்ஸ்டு மாளிகையில் இன்றும் இருக்கின்றது.

இவ்வாறு கைத்தொழிலாகத் தொடங்கியது, பிறர் அச்சகங்களையும் துணைக்கொண்டு, பெரிய நூல் வெளியீட்டுக் கழகமாக வளர்ந்தது. 1924 முதல் பிராய்டு என்னும் மனநூல் வல்லாரின் நூல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டவரும் இவர்களே. 1946-ல் மற்றொரு கழகத்துடன் இணையும் வரை வெளிவந்தவை 500-க்கு மேற்பட்டவை. அவற்றுள் தம்பதிகள் தம் கையால் அச்சிட்டவை 34.

ஆயினும் இவ்வெண்ணிக்கையினும் பெரிய பயன் ஒன்று உண்டு. 1922-ல் வெளிவந்த "ஜேக்கப்பின் அறை" முதலாக அம்மையாரின் நாவல்கள் யாவும் தம் சொந்தக் கழகத்தின் வழியாகவே வெளிவந்தன. தமையனாரின் தீர்ப்புக்கோ பத்திராதிபரின் விருப்பத்துக்கோ காத்திராமல், தாம் எழுத விரும்பியதை விரும்பியவாறு எழுதும் உரிமை தமக்கு வாய்த்தமையை 1925-ல் அவர் தம் நாட்குறிப்பில் மகிழ்ந்து குறித்தார். ஆங்கிலக் கதையின் போக்கையே மாற்றிய அவருடைய நூல்கள் அவ்வுரிமையில் விளைந்தவை.

அச்சுத்தொழில் அம்மையாரின் நோயை அறவே போக்கியதென்று கூறுதல் உண்மையாகாது. இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே, 1941-ம் வருஷம் மார்ச்சு மாதம் 28-ந் தேதி அவர் மீண்டும் அந்நோய்க்கு ஆளாகித் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். ஆனால் 1915-ல் தம் நூல் வெளிவந்ததையும் காணவியலாமற் கிடந்தவர், அதற்குப்பின் இருபத்தைந்து வருஷம் வாழ்ந்து, பிற்பகல்தோறும் எழுத்துப் பெட்டியின்முன் நின்றும், காலைதோறும் எழுதுகோல் பிடித்தும் இத்துணைச் செல்வத்தை ஈட்டிச் சென்றார். லெனார்டு 1969 வரை வாழ்ந்தார். தமது இலங்கை வாழ்வை விவரிக்கும் நூலை 1961-லும், அந்நாளைய உத்தியோக நாட்குறிப்புக்களை 1963-லும் ஹோகார்த் என்னும் அப்பெயரிலேயே வெளியிட்டார். யாழ்ப்பாணத்தில் தமிழ் பயின்ற இளைஞரின் அனுபவங்கள், ஐம்பது வருஷங்கழித்து, உணவறையில் எழுந்த அச்சுக்கூடத்தின் பெயர் தாங்கி உலகிற்குக் கிடைத்தன.

அன்பர்காள்! இவ்வரலாற்றை உற்றுநோக்கின் ஓர் உண்மை புலப்படும். 1917-ம் வருஷ மார்ச்சு மாதத்தில் யுத்தம் முடியவில்லை; நோய்ப் பயம் நீங்கவில்லை; பள்ளிக் கதவு திறக்கவில்லை; செல்வமும் பெருகவில்லை. தள்ளிப்போடுதற்குக் கூறிய காரணங்களுள் பெரும்பாலானவை அன்றும் இருந்தபடியே இருந்தன. வேலையின் அளவொன்றே மாறிற்று. பெரிய அச்சகத்தை நினைத்திருந்தால் அவர்கள் இன்னும் காத்திருப்பர். ஒரு பக்கத்தை நினைத்தமையால் தொடங்கினர்.

நம் வீடுகளில் அரித்துக்கொண்டிருக்கும் ஏடுகளும், பாட்டனார் கணக்குப் புத்தகங்களும், கடல்கடந்து போனவர் எழுதிய கடிதங்களும், மூதாட்டியர் நினைவில் மட்டும் நிற்கும் உறவுமுறைகளும் உள. அவற்றை நூலாக்கப் பெருஞ்செல்வர் ஒருவர் முன்வரட்டும் என்று காத்திருக்க வேண்டுவதில்லை. இம்மாதம் ஒரு கடிதத்தைப் படியெடுப்போம். அடுத்த மாதம் மற்றொன்று. மூதாட்டியார் கூறுவதை அவர் கூறும்போதே எழுதிக்கொள்வோம். ஏடு அரிந்தபின் பணம் சேர்ந்தும் பயனில்லை. சொல்வார் மறைந்தபின் அச்சியந்திரம் வந்தும் பயனில்லை.